மூட்டைக்குள் மூளும் சூடு

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெரு வழியே நடந்தால் ஆரியசாலை வரும். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் எழுந்தருளும்போது உடன் வரும் வேளிமலைக் குமாரசுவாமி தங்குவது இங்குள்ள கோயிலில்தான். தமிழ் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்தும் இந்த வட்டாரத்தில் பலசரக்கும் பூஜைச் சாமானும் ரசாயனச் சரக்கும் அடுத்தடுத்த கடைகளில் கிடைக்கும். ஒரு வேதிவினை தானாக நடக்குமா நடக்காதா என்பதை எது தீர்மானிக்கிறது என்று தெரிந்துகொள்ள மூன்று சரக்குகள் போதும்: சுண்ணாம்பு, நவச்சாரம், பிளீச்சிங் பவுடர்.

சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று வெற்றிலை போடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் சீறும், பிறகு கல் வெடித்துப் பிளக்கும், ஆவி கிளம்பும், கடைசியில் வெண்ணெய் போல இளகி நிற்கும். ஒரு கிலோ சுத்தமான சுண்ணாம்பு நீறும்போது வெளிவரும் வெப்பம் ஏறத்தாழ மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. வெப்பத்தை வெளியே விடும் வினைதான் தானாக நடக்கும் என்று 19ஆம் நூற்றாண்டின் பெரிய வேதியியலாளர் மார்சலான் பெர்தலோவே நம்பினார். சுண்ணாம்பை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது சரி.

ஆனால் நவச்சாரம் வேறு கதை சொல்கிறது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வாங்கும் அந்த வெள்ளை உப்பை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் தம்ளர் சில்லிட்டுப் போகும். வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொண்டே அது கரைகிறது. யாரும் சூடுபடுத்தவில்லை, வற்புறுத்தவும் இல்லை.

பெர்தலோவின் கணக்கில் விட்டுப்போனது என்ட்ரோபி. 1865இல் ருடால்ஃப் கிளாசியஸ் இந்தப் பெயரை வைத்தார். துகள்களும் அவற்றின் ஆற்றலும் எத்தனை விதங்களில் பரவி இருக்க முடியும் என்பதன் அளவு அது. உப்புக் கட்டிக்குள் வரிசையாக அடைபட்டிருந்த துகள்கள் தண்ணீரெங்கும் சிதறும்போது அந்த அளவு கூடுகிறது. அந்தக் கூடுதல் பெரிதாக இருந்தால், வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் மாற்றமும் தானாக நடந்துவிடும். இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக்கிக் கொடுத்தவர் அமெரிக்காவின் வில்லார்டு கிப்ஸ். என்ட்ரோபி மாற்றத்தை வெப்பநிலையால் பெருக்கி, வெப்ப மாற்றத்திலிருந்து கழிக்க வேண்டும். விடை எதிர்க்குறியில் வந்தால் வினை தானாக நடக்கும். பாடப்புத்தகங்களில் கிப்ஸ் கட்டிலா ஆற்றல் என்று வருவது இதுதான்.

வெப்பநிலை ஏறினால் என்ட்ரோபியின் கை ஓங்கும். அதனால்தான் கிளிஞ்சல் கடற்கரையில் எத்தனை காலம் கிடந்தாலும் கிளிஞ்சலாகவே இருக்கிறது; சூளையில் சுமார் 840 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் கரியமில வாயுவை விட்டுவிட்டுச் சுண்ணாம்பாகிறது.

நீற்றிய சுண்ணாம்பில் குளோரின் வாயுவைச் செலுத்தினால் கிடைப்பது பிளீச்சிங் பவுடர். கிளாஸ்கோவின் சார்லஸ் டென்னன்ட் 1799இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கிணற்றுத் தண்ணீரைச் சுத்தப்படுத்துவதில் இதன் உதவி பெரிது. ஆனால் இதன் உள்ளியல்பு கவலை தருவது. இது சிதையும்போது வெப்பம் வெளிவருகிறது. ஆக்சிஜன் வாயுவும் பிரிவதால் என்ட்ரோபியும் கூடுகிறது. இரண்டு கணக்கும் சிதைவின் பக்கமே நிற்கின்றன. எந்த வெப்பநிலையிலும் இது சிதையத் தயாராக இருக்கும் பொருள். கடையில் சாதுவாக இருப்பதற்குக் காரணம் வேகக் குறைவு மட்டும்தான்.

வேகத்தைப் பற்றிக் கிப்ஸின் எண் ஒன்றும் சொல்லாது. பொதுவாகப் பத்து டிகிரி கூடினால் வினையின் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். மூட்டைகளை நெருக்கி அடுக்கினால் நடுவில் பிறக்கும் சூடு வெளியேற வழியில்லை; சூடு வேகத்தைக் கூட்ட, வேகம் மேலும் சூட்டைக் கூட்டும். ஈரமும் எண்ணெயும் துருவும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். தீப்பிடித்துவிட்டாலோ, பிரியும் ஆக்சிஜன் நெருப்புக்கே தீனியாகும்.

2023 மே மாதம் கேரளம் இதைக் கண்ணெதிரே பார்த்தது. அரசு மருத்துவ சேவைக் கழகத்தின் கிடங்குகள் 17ஆம் தேதி கொல்லத்திலும், 23ஆம் தேதி திருவனந்தபுரம் தும்பாவிலும், 27ஆம் தேதி ஆலப்புழையிலும் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. மூன்றிலும் சந்தேகம் அங்கே இருந்த பிளீச்சிங் பவுடர் மீதே விழுந்தது. தும்பாவில் சுவர் இடிந்து விழுந்து ஓர் இளம் தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். தானாக நடக்கக்கூடிய வினைக்குத் தீக்குச்சி தேவையில்லை என்பதைக் கிடங்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்திருந்தாக வேண்டும்.

வீட்டுக்கு வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டியது உண்டு. தேவைக்கு மட்டும் வாங்குங்கள். ஈரம் படாத, வெயில் விழாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, உரம் இவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள். கழிவறை கழுவும் ஆசிட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள். கலந்தால் நச்சு குளோரின் வாயு கிளம்பும்.