மினரலா, சிந்தெடிக்கா? பைக் ஆயிலுக்குள்ள ஹைட்ரஜன் பண்ற வேலை

போன மாசம் வண்டி சர்வீஸுக்காக தண்டையார்பேட்டையில எங்க மெக்கானிக் அண்ணா கடைக்குப் போயிருந்தேன். பழைய ஆயிலை இறக்கி விட்டுட்டு கேட்டார்: "மினரல் ஊத்தவா, செமியா, ஃபுல் சிந்தெடிக்கா தம்பி?"

"என்னண்ணா வித்தியாசம்?"னு கேட்டேன். "விலைதான்"னு சிரிச்சார்.

எனக்குப் பக்கத்துல டெலிவரி வேலை பார்க்கற ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார். ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல ஓட்டறவர். அவருக்கு அந்த விலை வித்தியாசம் அரை நாள் சம்பாத்தியம். அவர் என்னைப் பார்த்து, "நீங்க இன்ஜினியர்தானே, எது நல்லது சொல்லுங்க"ன்னார். என்கிட்ட பதில் இல்ல. படிச்சது இன்ஜினியரிங், எழுதறது கோடு. பத்து நாள் உட்கார்ந்து படிச்சதுக்கு அப்புறம்தான் இந்த எபிசோட்.

முதல் விஷயம். பாட்டில்ல இருக்கறதுல பெரும் பங்கு, கிட்டத்தட்ட 70-ல இருந்து 90 சதவீதம் வரைக்கும், பேஸ் ஆயில். மிச்சம் சேர்மானங்கள்: தேய்மானத்தைக் குறைக்க, அழுக்கைப் பிடிச்சு வைக்க, நுரை அடங்க. தண்டையார்பேட்டை பக்கம் இருக்கற ப்ளெண்டிங் ஆலைகள்ல நடக்கறது இந்தக் கலக்கற வேலைதான். பேஸ் ஆயில் அங்க பிறக்கறதில்ல. அது பிறக்கறது சுத்திகரிப்பு ஆலையில.

நம்ம ஊருக்கு அது மணலி. திருவொற்றியூர்ல ராத்திரி மொட்டை மாடியில நின்னு மேற்கே பார்த்தா தீ எரியுதே, அந்தப் பக்கம். 1965-ல இந்திய அரசு, அமெரிக்காவோட அமோகோ, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனம், மூணு பேரும் சேர்ந்து மெட்ராஸ் ரிஃபைனரீஸ்னு ஆரம்பிச்சாங்க. 1969-ல ஆலை ஓட ஆரம்பிச்சுது. அப்போ வருஷத்துக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெய் கொள்ளளவு. இப்போ 105 லட்சம் டன். 2000-ல பேர் மாறி சென்னை பெட்ரோலியம், சிபிசிஎல் ஆச்சு. பெட்ரோல், டீசலோட பேஸ் ஆயிலும் தயாரிக்கற ஆலை இது. இந்தியாவுல எல்லா ரிஃபைனரியும் அதைத் தயாரிக்கறதில்ல.

குக்கருக்கு நேர் எதிர்

கச்சா எண்ணெயைச் சூடாக்கினா கேஸ், பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல்னு வரிசையா ஆவியாகிப் பிரியும். அடியில கெட்டியா ஒண்ணு தங்கும். அதுக்குள்ளதான் நம்ம பேஸ் ஆயில் இருக்கு. ஆனா அதை இன்னும் சூடாக்கினா ஆவியாகறதுக்கு முன்னாடியே மூலக்கூறுகள் உடைஞ்சு கருகிடும். அதனால அழுத்தத்தைக் குறைக்கறாங்க. பிரஷர் குக்கர்ல அழுத்தம் கூடினதும் தண்ணி 100 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும் இல்லையா? இது அதுக்கு நேர் எதிர். கிட்டத்தட்ட வெற்றிடத்துல கொதிக்க வச்சா, குறைஞ்ச சூட்டுலயே ஆவியாகும்.

இப்படிப் பிரிச்சு எடுத்த எண்ணெயை நேரா இன்ஜின்ல ஊத்த முடியாது. அதுல மூணு தொல்லை இருக்கு.

ஒண்ணு, கந்தகமும் நைட்ரஜனும் ஒட்டியிருக்கற மூலக்கூறுகள். ரெண்டு, வளைய வடிவ மூலக்கூறுகள், அதாவது அரோமேட்டிக்ஸ். இது அதிகமா இருந்தா இன்ஜின் சூடாகும்போது எண்ணெய் ரொம்ப நீர்த்துப் போகும், சீக்கிரம் கெட்டும் போகும். மூணு, மெழுகு. கிளையே இல்லாத நீளமான சங்கிலிகள். மார்கழிக் காலையில தேங்காய் எண்ணெய் பாட்டில் உறைஞ்சு நிக்குமே, அந்த மாதிரி இதுவும் குளிர்ல உறையும். சென்னையில பிரச்சினை இல்ல. லடாக்ல ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, தெரியும்.

வழி ஒண்ணு: எடுத்துப் போடறது

பழைய வழி, கரைப்பான் வழி. வளைய மூலக்கூறுகளை மட்டும் கரைக்கற ஒரு திரவத்தை எண்ணெயோட கலந்து, அதுங்களைக் கரைச்சு வெளிய எடுப்பாங்க. அடுத்து இன்னொரு கரைப்பானைச் சேர்த்து நல்லா குளிர வச்சு, உறைஞ்ச மெழுகை வடிகட்டுவாங்க. அந்த மெழுகு வீணாகாது. மெழுகுவத்திக்குப் போகும், தீக்குச்சிக்குப் போகும். கடைசியில ஹைட்ரஜனை வச்சு லேசா ஒரு பாலிஷ். மணலி ஆலை ரொம்ப காலமா பேஸ் ஆயில் எடுத்தது இந்த வழியிலதான்.

இதுல ஒரு எல்லை இருக்கு. கச்சா எண்ணெய்ல நல்ல மூலக்கூறு எவ்வளவு இருக்கோ அவ்வளவுதான் கிடைக்கும். கெட்டதை எடுக்கலாம், நல்லதா மாத்த முடியாது.

வழி ரெண்டு: மாத்தி வைக்கறது

கோடு எழுதறவங்களுக்கு ஒரு வரியில சொல்லணும்னா, முதல் வழி ஃபில்டர், ரெண்டாவது வழி மேப். அங்க லிஸ்ட்ல இருந்து தூக்கிப் போடறோம். இங்க ஒவ்வொண்ணையும் மாத்தி அதே லிஸ்ட்ல திருப்பி வைக்கறோம். மாத்தறதுக்கு ரெண்டு பொருள் வேணும்: ஹைட்ரஜன், வினையூக்கி.

இது புதுசு இல்ல. நம்ம பாட்டி காலத்து டால்டா நினைவிருக்கா? தாவர எண்ணெய்க்குள்ள நிக்கல் வினையூக்கி போட்டு ஹைட்ரஜனைச் செலுத்தினா, திரவமா இருக்கற எண்ணெய் நெய் மாதிரி கெட்டியாகும். அந்த வேதியியலுக்கு அடிப்படை போட்ட பிரெஞ்சு விஞ்ஞானி பால் சபாத்தியேவுக்கு 1912-ல நோபல் பரிசு கிடைச்சுது. ஹைட்ரஜன்ல ரெண்டு அணு ஒண்ணையொண்ணு கெட்டியா பிடிச்சுக்கிட்டு இருக்கும். உலோகப் பரப்புல வந்து உட்காரும்போது அந்தப் பிடி விட்டுடும். தனித்தனியான அணுக்கள் பக்கத்துல வர எண்ணெய் மூலக்கூறோட சேர்ந்துக்கும். வேலை முடிஞ்சும் உலோகம் அப்படியே இருக்கும்.

பேஸ் ஆயிலுக்கு இது மூணு கட்டமா நடக்குது.

முதல் கட்டம் முரட்டு வேலை. சூடு 350 டிகிரிக்கு மேல, அழுத்தம் 100-ல இருந்து 200 பார் வரைக்கும். உங்க பைக் டயர்ல இருக்கறது சுமார் 2 பார், அதை வச்சு கணக்குப் போட்டுக்கோங்க. வினையூக்கி, நிக்கலும் மாலிப்டினமும் மாதிரியான உலோகங்கள். இங்க கந்தகம் கழண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவா போகும், நைட்ரஜன் அம்மோனியாவா போகும். வளையங்கள் ஹைட்ரஜனை வாங்கி அமைதியாகும், சிலது பிரிஞ்சு சங்கிலியாவும் ஆகும்.

ரெண்டாவது கட்டம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மெழுகை வடிகட்டித் தூக்கிப் போடாம அதையே எண்ணெயா மாத்தறாங்க. ரொம்ப நுண்ணிய துளைகள் இருக்கற ஒரு படிகம், அதுமேல பிளாட்டினம். துளைக்குள்ள நேரான சங்கிலி மட்டும்தான் நுழையும். உள்ளே போனதுக்கு ஒரு சின்னக் கிளை முளைக்கும். அணு எண்ணிக்கை மாறல, வடிவம் மட்டும் மாறிடுச்சு. நேரான விறகுக்குச்சியைக் கட்டா அடுக்கலாம், முள்ளுக் கிளையை அடுக்க முடியுமா? அதே கதை. கிளை இருந்தா மூலக்கூறுகள் அடுக்கிக்க முடியாது, உறையாது. இதை முதல்ல வணிக அளவுல செஞ்சது செவ்ரான், 1993-ல, கலிபோர்னியாவோட ரிச்மண்ட் ஆலையில.

வரிசை ஏன் முக்கியம்னா, கந்தகம் பட்டா பிளாட்டினம் செயலிழந்துடும். அதனால முதல் கட்டத்துல கந்தகத்தைச் சுத்தமா எடுத்துட்டுத்தான் பிளாட்டினம் கிட்டயே போக முடியும்.

மூணாவது கட்டம் மெருகு. சூட்டைக் குறைச்சு, மிச்சம் மீதி இருக்கற வளையங்களையும் சரிபண்றாங்க. கடைசியில வெளிய வர எண்ணெய் பச்சைத்தண்ணி மாதிரி நிறமே இல்லாம இருக்கும்.

அப்போ சிந்தெடிக்னா என்ன?

அமெரிக்க பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட், ஏபிஐ, பேஸ் ஆயிலை அஞ்சு குரூப்பா பிரிக்குது. குரூப் 1: நிறைவுற்ற மூலக்கூறு 90 சதவீதத்துக்குக் கீழ, இல்லைன்னா கந்தகம் 0.03 சதவீதத்துக்கு மேல. கரைப்பான் வழியில வர்றது பெரும்பாலும் இங்க விழும். குரூப் 2-ல நிறைவுற்றது 90-க்குக் குறையாது, கந்தகம் 0.03-ஐத் தாண்டாது. அதோட விஸ்காசிட்டி இண்டெக்ஸ் 120-ஐத் தொட்டா குரூப் 3. நாலாவது, சின்ன மூலக்கூறுகளைக் கோத்து ஆலையில உருவாக்கற பிஏஓ. மிச்சம் எல்லாம் அஞ்சாவது.

அந்த இண்டெக்ஸ், சூட்டுக்கு எண்ணெய் எவ்வளவு குறைவா நீர்த்துப் போகுதுன்னு சொல்ற எண். 1929-ல அளவுகோல் போட்டப்போ அன்னைக்கு இருந்த சிறந்த எண்ணெய், பென்சில்வேனியா எண்ணெய், அதுக்கு 100 மார்க் கொடுத்தாங்க. ஹைட்ரஜன் வழி வந்ததும் நூத்துக்கு நூத்தி இருபதுன்னு ஆயிடுச்சு.

இப்போ விஷயத்துக்கு வரேன். சிந்தெடிக்னு எழுதியிருந்தா, கச்சா எண்ணெயே தொடாத ஏதோ ஒண்ணுன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு காலத்துல அந்த வார்த்தை பிஏஓ மாதிரி எண்ணெய்க்குத்தான். குரூப் 3-ஐ அப்படி விளம்பரம் பண்ணலாமான்னு அமெரிக்காவுல மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் தகராறு வந்துச்சு. 1999-ல அங்க இருக்கற விளம்பர சுய கட்டுப்பாட்டு அமைப்பு, பண்ணலாம்னு முடிவு சொல்லிடுச்சு. அதனால பல நாடுகள்ல ஃபுல் சிந்தெடிக்னு விக்கற பாட்டில்ல ஹைட்ரஜன் போட்டு மாத்தின கச்சா எண்ணெய் இருக்கலாம். அது ஏமாத்து இல்ல, நல்ல எண்ணெய்தான். ஆனா அந்த வார்த்தை ஒரு வேதிப்பொருளோட பேர் இல்ல, விற்பனைப் பேர்.

இந்தியாவுல மெழுகை மாத்தற இந்த முறை 2003-ல இந்தியன் ஆயிலோட ஹால்டியா ஆலைக்கு வந்துச்சு. மணலியிலயும் குரூப் 2, 3 எண்ணெய்க்கான திட்டத்தை சிபிசிஎல் அறிவிச்சிருக்கு.

அந்த டெலிவரி தம்பிக்கு என் பதில் இதுதான். முதல்ல வண்டியோட மேனுவல்ல என்ன கிரேடு, எந்த ஜாஸோ குறி போட்டிருக்குன்னு பாருங்க. அது பொருந்தலைன்னா எவ்வளவு விலை கொடுத்தாலும் வீண். பொருந்தினா, வெயில்ல, சிக்னலுக்கு சிக்னல் நின்னு ஓட்டற வண்டிக்கு ஹைட்ரஜன் எண்ணெய் கொஞ்சம் கூடுதலா தாங்கும், குறைவா ஆவியாகும். கையில காசு இல்லைன்னா, மேனுவல் ஒத்துக்கற மினரலை சரியான நேரத்துல மாத்துங்க. சிந்தெடிக் ஊத்திட்டு மாத்தாம ஓட்டறதை விட அது மேல்.

எடுத்ததெல்லாம் எங்க போச்சு?

இதைச் சொல்லாம முடிச்சா வடசென்னைக்காரங்க என்னை மன்னிக்க மாட்டீங்க.

பாட்டில்ல இருந்து கந்தகம் போச்சு. ஆனா உலகத்தை விட்டுப் போகல. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆச்சு. கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம். அதிகமானா மூக்கே மரத்துப் போய் நாத்தம் தெரியாது, ஆளையே கொல்லும். அதைப் பிடிச்சு, க்ளாஸ் முறையில மஞ்சள் கந்தகமா மாத்தி விக்கறாங்க. உரத்துக்கும் அமிலத்துக்கும் போகுது. அந்த யூனிட் சரியா ஓடற வரைக்கும்தான் கந்தகம் ஒரு சரக்கு. ஓடலைன்னா அது காத்துல கலக்கற மாசு.

ஹைட்ரஜனும் சும்மா வரல. இயற்கை எரிவாயுவையும் நீராவியையும் 800 டிகிரிக்கு மேல சேர்த்து எடுக்கறது வழக்கமான முறை. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு சுமார் 9-10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். 2019-ல எண்ணூர் காமராஜர் துறைமுகத்துல எல்என்ஜி முனையம் வந்த பிறகு மணலி ஆலைகளுக்கு எரிவாயு குழாய் வழியா போகுது.

அப்புறம் 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியா எண்ணூர் கழிமுகத்துக்கு வந்து, மீனவர்களோட படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாத்துலயும் கருப்பா ஒட்டிக்கிச்சு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சிபிசிஎல் வளாகத்தைக் கைகாட்டுச்சு. குழாய்ல கசிவு இல்லைன்னு நிறுவனம் சொல்லுச்சு. பசுமைத் தீர்ப்பாயம் தானாவே வழக்கு எடுத்துச்சு. 200 பார் அழுத்தத்துல ஒரு மூலக்கூறோட வடிவத்தையே மாத்தத் தெரிஞ்ச தொழில் இது. மழைத்தண்ணியையும் எண்ணெயையும் தனித்தனியா வைக்கறது அதை விடக் கஷ்டமான வேதியியல் இல்ல. அதுக்கு வேணும்கறது கவனமும் செலவும், கேள்வி கேக்கற ஆளும்.

அந்தக் கேள்வியை நம்ம பக்கமும் கேக்கலாம். அன்னைக்கு என் வண்டியில இருந்து இறங்கின கருப்பு ஆயில் எங்க போகும்னு அண்ணாகிட்ட கேட்டேன். "டிரம்ல ஊத்தி வைப்பேன், ஆள் வந்து வாங்கிட்டுப் போவான்"னார். அந்த ஆள் யார், எங்க கொண்டு போறார்னு அவருக்குத் தெரியல. பழைய ஆயிலையும் ஹைட்ரஜன் வழியில திரும்பவும் நல்ல பேஸ் ஆயிலா மாத்தலாம். 2024 ஏப்ரல்ல இருந்து, பயன்படுத்தின எண்ணெய்ல ஒரு பங்கை மறுசுழற்சி பண்ண வைக்கற பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டுன்னு மத்திய அரசு விதியே இருக்கு. ஆனா அந்த டிரம் சாக்கடைக்கோ செங்கல் சூளைக்கோ போயிட்டா விதி இருந்து என்ன பண்றது?

அடுத்த தடவை ஆயில் மாத்தும்போது புதுசு என்ன விலைன்னு கேக்கறதோட, பழசு எங்க போகுதுன்னும் கேட்டுப் பாருங்க. பதில் கிடைச்சா எனக்கும் எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.