உரை நெடுவரிசையை எண்ணாக மாற்றுதல்

உரை நெடுவரிசையை எண்ணாக மாற்றுதல் என்பது, வெளிக் கோப்பிலிருந்து புள்ளியியல் நிரலுக்குள் கொண்டுவரும்போது எழுத்தாகப் பதிவாகிவிட்ட எண்களைக் கணக்கிடத்தக்க எண்களாக ஆக்கும் பணியாகும். பைத்தான், எஸ்ஏஎஸ், ஸ்டேட்டா ஆகியவற்றிலும் இது தேவைப்படும். இங்கு ஆர் நிரல்மொழியைக் கொண்டு விளக்கப்படுகிறது. கட்டளைப் பெயர்கள் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்துகளையே இட வேண்டும்.

எண் எப்படி உரையாகிறது?

2011 கணக்கெடுப்பின்படி திருவண்ணாமலை மாவட்ட மக்கள்தொகை 24,64,875. நம் கண்ணுக்கு இது எண். ஆர் மொழிக்கோ, இலக்கங்களும் இரண்டு காற்புள்ளிகளும் கலந்த ஒரு சரம். ஒரு நெடுவரிசையில் ஒரே தரவு வகைதான் இருக்க முடியும். ஆகவே ஆயிரம் கட்டங்களில் ஒன்றில் மட்டும் காற்புள்ளியோ சிறு கோடோ இருந்தாலும், முழு நெடுவரிசையும் உரையாகிவிடும்.

இந்தச் சரத்தை நேரடியாக ஆஸ்.நியூமரிக் கட்டளைக்குக் கொடுத்தால் என்ஏ, அதாவது விடுபட்ட மதிப்பு, கிடைக்கும். கூடவே ஓர் எச்சரிக்கையும் வரும். மாணவர்கள் இதைக் கண்டு பதறுவார்கள். உண்மையில் இது நல்ல பிழை; சொல்லிவிட்டு வருகிறது.

சொல்லாமல் வரும் பிழை

2020இல் வெளியான ஆர் 4.0.0 பதிப்புக்கு முன், ரீட்.சிஎஸ்வி கட்டளை உரை நெடுவரிசைகளைத் தானாகவே ஃபேக்டர் என்னும் வகையாக மாற்றிவிடும். ஃபேக்டர், மதிப்புகளை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றுக்கும் 1, 2, 3 என்று குறியெண் இடும். அன்றைய எல்லைப்படி மூன்று மாவட்டங்களைப் பார்ப்போம்: வேலூர் 39,36,331, திருவண்ணாமலை 24,64,875, விழுப்புரம் 34,58,873. இந்த ஃபேக்டரை ஆஸ்.நியூமரிக் மூலம் மாற்றினால் வருபவை 3, 1, 2. கூட்டுத்தொகை 98,60,079 அல்ல, வெறும் 6! எச்சரிக்கை ஏதும் வராது. ஆறு என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். வயது, மதிப்பெண் போன்ற சிறிய எண்களில் இதே பிழை எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். பழைய நிரல்களும் பாடநூல்களும் இன்னும் புழக்கத்தில் இருப்பதால் இதை அறிந்திருப்பது நல்லது.

சரியான முறை: ஃபேக்டராக இருந்தால் முதலில் ஆஸ்.கேரக்டர் மூலம் உரையாக்க வேண்டும். பிறகு ஜிசப் கட்டளையால் காற்புள்ளிகளை நீக்கி, கடைசியாக ஆஸ்.நியூமரிக் இட வேண்டும். ரீடர் தொகுப்பிலுள்ள பார்ஸ்_நம்பர் இதை ஒரே படியில் செய்யும். ஜெர்மனியில் காற்புள்ளியே தசமக் குறி. அங்கிருந்து வரும் 3,5 என்பதில் அதை நீக்கினால் 35 ஆகிவிடும்.

சரிபார்த்தல்

மாற்றுவதற்கு முன்னும் பின்னும் என்ஏ எத்தனை என்று எண்ண வேண்டும். மேற்கண்ட பட்டியலில் விழுப்புரம் மட்டும் என்ஏ ஆகி, அதைத் தவிர்த்துக் கூட்டச் சொன்னால், 64,01,206 என்ற நம்பத்தக்க, ஆனால் தவறான தொகை வரும். தெரிந்த கூட்டலோடு ஒப்பிடுவதும் உதவும்: திருவண்ணாமலையில் ஆண்கள் 12,35,889, பெண்கள் 12,28,986, இரண்டும் சேர்ந்து மாவட்டத் தொகையைத் தர வேண்டும்.

இலக்கங்களால் ஆன எல்லாமே எண் அல்ல. திருவண்ணாமலையின் எஸ்டிடி குறியீடு 04175. அதை எண்ணாக்கினால் முன்னிருக்கும் சுழியம் போய் 4175 ஆகிவிடும். அஞ்சல் குறியீடுகளுக்குச் சராசரி காண்பதில் பொருளில்லை. இத்தகைய நெடுவரிசைகளை, கோப்பைப் படிக்கும்போதே கால்கிளாசஸ் என்ற அமைப்பின் மூலம் உரையாக அறிவித்துவிடலாம்.