கோப்பையும் கூடையும்

"எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?" என்று நம் வீட்டுப் பாட்டிமார் கேட்பதுண்டு. அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. ஆனால் மேனாட்டு வைத்திய நிபுணர்கள் இந்தக் கேள்வியை வெகு சிரத்தையுடன் பல வருஷ காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு கொள்ளியின் பெயர் பீர். மற்றொன்றின் பெயர் ஒயின்.

விவகாரத்துக்கு வித்திட்டது பிரான்ஸ் தேசம். வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் பிரெஞ்சுக்காரருக்கு நித்திய போஜனம். அப்படியிருந்தும், மாரடைப்பினால் மாண்டவர்கள் இங்கிலாந்தையும் அமெரிக்காவையும்விட அங்கே குறைவு என்று கணக்குகள் கூறின. சாப்பாட்டுடன் அவர்கள் அருந்தும் சிவப்பு ஒயினே காரணமாக இருக்கலாம் என்றார் ஸெர்ஜ் ரெனோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. 1991-ஆம் வருஷம் நவம்பர் மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்தச் செய்தி ஒலிபரப்பாயிற்று. கேட்ட ஜனங்கள் என்ன செய்தார்கள்? வெண்ணெயைக் குறைத்தார்களா? இல்லை, கடைக்கு ஓடிச் சிவப்பு ஒயின் வாங்கினார்கள்! மருந்து தித்திப்பாயிருந்தால் நோயாளிக்கு வைத்தியரிடம் பக்தி அதிகமாவது இயற்கைதானே?

ஒயின் கட்சியார், திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் என்னும் வஸ்துவைச் சாட்சிக்கு அழைத்தார்கள். அது எலிகளுக்கு நன்மை செய்தது மெய்தான். ஆனால் எலிக்குக் கொடுத்த விகிதப்படி மனிதன் அதை ஒயினிலிருந்து பெற வேண்டுமானால், தினந்தோறும் நூற்றுக்கணக்கான புட்டிகளைக் காலி செய்தாக வேண்டும். பீர் கட்சியாரும் சளைக்கவில்லை. பார்லித் தானியத்தின் 'பி' வைட்டமின்கள் தங்கள் பானத்தில் இருப்பதாக எடுத்துக் காட்டினார்கள். அந்த வைட்டமின்கள் கீரையிலும் பயறிலும் தலைவலியின்றிக் கிடைக்கின்றன என்பதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை.

இரண்டுக்கும் உண்மையாகவே ஒரு வித்தியாசம் உண்டு. கால் கட்டைவிரல் வீங்கி, போர்வை பட்டாலும் உயிர் போகிறாற்போல் வலிக்கும் 'கௌட்' என்ற வாதநோய் பீர் குடிப்பவர்களை அதிகமாகப் பிடிக்கிறது. அளவாக ஒயின் அருந்துகிறவர்களிடம் அந்த ஆபத்து அவ்வளவு காணப்படவில்லை. 2004-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியின் முடிவு இது. பீரிலுள்ள பியூரின் என்னும் பொருள் உடலில் யூரிக் அமிலமாக மாறுவதே இதற்குக் காரணமென்று கருதுகிறார்கள். இந்த ஒரு வழக்கில் ஒயினுக்கே ஜயம் என்று ஒப்புக்கொள்வோம்.

ஆனால் இருதய விஷயம் என்னவாயிற்று? டென்மார்க் தேசத்து ஆராய்ச்சியாளர்களுக்கு ஓர் அருமையான யோசனை தோன்றியது. குடிப்பவர்களின் கோப்பையை விட்டுவிட்டு, அவர்களுடைய கடைக் கூடையைப் பார்த்தால் என்ன? பெரிய கடைகளின் 35 லட்சம் ரசீதுகளைப் புரட்டினார்கள். ஒயின் வாங்கியவர்களின் கூடையில் பழம், காய்கறி, ஆலிவ், கொழுப்பு குறைந்த பாலாடைக் கட்டி எல்லாம் இருந்தன. பீர் வாங்கியவர்களின் கூடையிலோ சர்க்கரை, வறுவல், பன்றி மாமிசம், வெண்ணெய்! 2006-இல் இந்த முடிவு வெளியாயிற்று. பழமும் காய்கறியும் செய்த உபகாரத்துக்கு ஒயின் பெயர் வாங்கிக்கொண்டிருந்தாலும் இருக்கலாம் அல்லவா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. குடியாதவர்களைவிடக் கொஞ்சம் குடிப்பவர்கள் திடமாயிருக்கிறார்கள் என்று பழைய கணக்குகள் கூறின. அந்தக் 'குடியாதவர்கள்' யார்? உடம்பு கெட்டுப் போனதால் குடியை விட்டவர்களும் அந்தக் கும்பலில் சேர்ந்திருந்தார்கள்! சீனாவில் மது ஒவ்வாத மரபணுவுடன் பிறந்தவர்கள் அநேகர். அதனால் அவர்கள் குறைவாகவே குடிக்கிறார்கள். 5 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து, 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இந்த மரபணுவைக்கொண்டு கணக்கிட்டுப் பார்த்தார்கள். கொஞ்சமாகக் குடித்தால் பாரிசவாயு வராமல் தடுக்கும் என்பதற்கு ஆதாரமே கிடைக்கவில்லை. குடி ஏற ஏற ஆபத்தும் ஏறியது.

ஏனெனில் இரண்டு பானங்களிலும் எஜமானன் ஒருவனே. அவன் பெயர் ஆல்கஹால். நூற்றுக்கு 5 பங்கு ஆல்கஹால் உள்ள பீர் 330 மில்லி லிட்டரில் சுமார் 13 கிராம். நூற்றுக்கு 12 பங்கு உள்ள ஒயின் 150 மில்லி லிட்டரில் சுமார் 14 கிராம். இந்த ஆல்கஹால் உடலுக்குள் அஸிட்டால்டிஹைடு என்னும் நஞ்சாக மாறுகிறது. அந்த நஞ்சு வந்தது பார்லியிலிருந்தா, திராட்சையிலிருந்தா என்று ஈரல் விசாரிப்பதில்லை. மதுபானங்கள் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1988-லேயே தீர்மானித்துவிட்டது. தினம் ஒரே கோப்பை அருந்தும் ஸ்திரீகளிடையேகூட மார்புப் புற்றுநோய் சற்று அதிகமாகக் காண்கிறது. ஆரோக்கியத்துக்குக் கெடுதலில்லாத மது அளவு என்று ஒன்று கிடையாதென உலக சுகாதார ஸ்தாபனம் 2023 ஜனவரியில் அறிவித்தது.

இனிமேல் யாராவது, "இருதயத்துக்கு நல்லதாமே, கொஞ்சம் ஒயின் சாப்பிடலாமா?" என்று கேட்டால், டென்மார்க்குக் கதையைச் சொல்லுங்கள். அந்தக் கூடையிலிருந்த பழத்தையும் காய்கறியையும் தாராளமாக வாங்கி வரட்டும். புட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தால் இருதயத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை, பணப்பைக்கும் லாபம்.