பட்டணத்தில் அண்டை வீடு



1972-இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப மண்டலம் தோன்றியது. பிறையிலும் ஆலைகள் பெருகின. பால்மரத்தை விட்டு நம் பிள்ளைகள் பலர் அங்கே வேலைக்குப் போனார்கள். புக்கிட் மெர்தாஜாமில் வாடகை வீடெடுத்துக் குடியேறிய குடும்பங்களும் உண்டு.

தோட்டத்தில் உறவு தானாக வந்தது. பெரட்டுக் களம் ஒன்று. தண்ணீர்க் குழாய் ஒன்று. கோயில் திருவிழா ஒன்று. ஒரு வீட்டில் உலை வைக்காவிட்டால் லயம் முழுவதற்கும் தெரியும். பட்டணத்தில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேலை, ஒவ்வொரு நேரம். பக்கத்து வீட்டுச் சீனர் கதவு மூடியிருந்தால், நம்மை இளக்காரமாக நினைக்கிறார் என்று எண்ணிவிடுகிறோம். அவர் இரவு வேலை முடித்து உறங்கிக்கொண்டிருக்கலாம்.

"தோட்டத்து ஆள்" என்று ஏளனம் பேசுவோரும் உண்டு, நம்மவரிலேயே உண்டு. அவர்களுடைய பாட்டனும் பால்மரம் சீவியவராக இருக்கலாம். அதற்காக நாம் ஒதுங்கிவிடலாமா?

கணவர் இரவு வேலைக்குப் போயிருக்கும்போது குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், முதலில் ஓடிவரக்கூடியவர் அண்டை வீட்டாரே. ஆகவே குடிபோன வாரமே இருபுறமும் சென்று பெயர் சொல்லி அறிமுகமாகுங்கள். மலாய் பேசப் பழகுங்கள். தீபாவளிக்கு ஒரு தட்டு முறுக்குக் கொடுத்தனுப்புங்கள். தோட்டத்தில் தானாக வந்த உறவைப் பட்டணத்தில் நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.