டீ ட்ரீ எண்ணெய்: பெயரில்தான் தேநீர், குடித்தால் நஞ்சு

சென்ற மாதம் நமது அலுவலகத்திற்கு வந்த ஒரு சகோதரி, கைப்பையிலிருந்து சிறிய குப்பி ஒன்றை எடுத்துக் காட்டி, "காக்கா, பிள்ளைக்கு இருமல். இதில் இரண்டு சொட்டு வெந்நீரில் விட்டுக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். குப்பியில் 'டீ ட்ரீ ஆயில்' என்று எழுதியிருந்தது. பெயரில் டீ இருப்பதால் குடிக்கலாம் என்று நினைத்துவிட்டார். கூடவே கூடாது என்றேன். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இது நாம் அறிந்த தேயிலைச் செடி அல்ல. கொய்யா, நாவல், யூகலிப்டஸ் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த ஆஸ்திரேலியப் புதர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடகிழக்கில் ஓடைக்கரைகளிலும் சதுப்பு நிலங்களிலும் தானாக வளர்கிறது. காகிதம் போல் உரியும் பட்டை, மெல்லிய நீண்ட இலை, பஞ்சு போன்ற வெள்ளைப் பூ. 18-ஆம் நூற்றாண்டில் கேப்டன் குக்கின் மாலுமிகள் இதன் உறவுச் செடி ஒன்றின் இலையைத் தேயிலைக்குப் பதிலாகக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். அதிலிருந்து இவ்வகைச் செடிகளுக்கு 'டீ ட்ரீ' என்ற பெயர் நிலைத்தது.

அப்பகுதியின் பூர்வகுடிகளான பண்ட்ஜலங் மக்கள் இலையைக் கசக்கிக் காயங்களில் வைத்துக் கட்டினர். இதன் எண்ணெய்க்குக் கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் உண்டென்று 1920-களில் சிட்னி வேதியியலாளர் ஆர்தர் பென்ஃபோல்ட் எடுத்துக்காட்டினார்.

இன்று இது தோட்டப்பயிர். தூசி போன்ற விதையை நாற்றுவிட்டு, ஹெக்டேருக்கு ஏறத்தாழ 30,000 செடிகள் நடுகிறார்கள். நல்ல வெயிலும் ஈரமும் வேண்டும். 12 முதல் 18 மாதங்களுக்கு ஒருமுறை தரையை ஒட்டி வெட்டுவார்கள். அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். வெட்டிய தழைக்குள் நீராவியைச் செலுத்தி எண்ணெய் வடிக்கிறார்கள். 100 கிலோ தழைக்கு ஒன்று, இரண்டு கிலோ எண்ணெய் கிடைக்கும். ஆகவே குப்பியில் இருப்பது இலைச்சாறு அல்ல. பல மடங்கு செறிவான பொருள்.

கவனிக்க வேண்டியவை:

• வாய்வழியாக ஒரு சொட்டும் வேண்டாம். விழுங்கினால் மயக்கம், தள்ளாட்டம், குழப்பம் வரும், நினைவும் தப்பலாம். குழந்தைகளுக்குச் சிறிதளவே ஆபத்து.

• தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். குப்பியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

• முகப்பருவுக்கு 5 சதவீத ஜெல் பயன் தருவதாக 1990-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு கண்டது. சுத்த எண்ணெயை அப்படியே பூசக் கூடாது, தோல் எரியும். எதுவானாலும் முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

• வெயிலும் காற்றும் பட்டுப் பழையதான எண்ணெய் ஒவ்வாமை தரும். இறுக மூடி, நிழலில் வையுங்கள்.

அந்தச் சகோதரி அன்றே பிள்ளையை மருத்துவரிடம் காட்டினார். குப்பி இப்போது பிள்ளைக்கு எட்டாத மேல்தட்டில் இருக்கிறது. உங்கள் வீட்டுக் குப்பி எங்கே இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.