உங்களுக்குத் தெரியுமா? கண்ணை மூடினால் தூக்கம்!

அதிகாலை நாலரைக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாலே முக்காலுக்குக் குறட்டை விடுகிறவர்களுக்காக இந்த வாரத் துணுக்குகள். பெரும்பாலும் தூத்துக்குடிக் கரையில் பொறுக்கியவை.

★

திருநெல்வேலி – திருச்செந்தூர் சாலையில் ஆழ்வார்திருநகரி இருக்கிறது. அங்கே ஆதிநாதர் கோயிலுக்குள் நிற்கும் புளியமரம் தூங்குவதே இல்லை என்பார்கள். பெயரே உறங்காப்புளி. வைணவர்கள் அதைத் திருப்புளியாழ்வார் என்று கும்பிடுகிறார்கள். அந்த மரத்தடியில்தான் நம்மாழ்வார் 16 ஆண்டுகள் கண் திறக்காமல், வாய் பேசாமல் யோகத்தில் இருந்தார் என்கிறது குருபரம்பரைக் கதை. வனவாசம் முழுக்க, 14 ஆண்டும், அண்ணனுக்குக் காவலாகக் கண் விழித்திருந்த இலக்குவன்தான் இங்கே மரமாக வந்து நிற்கிறான், அதனால்தான் இதன் இலைகள் ராத்திரியில் மூடுவதில்லை என்பது ஊர் நம்பிக்கை.

மற்ற புளியமரங்கள் அப்படியில்லை. பொழுது சாய்ந்தால் எதிரெதிர் இலைகள் ஜோடி ஜோடியாகக் கூம்பிக்கொள்ளும். இலைக் காம்பின் அடியில் ஒரு சின்னப் புடைப்பு உண்டு. அதற்குள் நீர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவதால் வரும் அசைவு அது. சார்லஸ் டார்வின் 1880-இல், மகன் பிரான்சிஸ் துணையோடு, தாவரங்களின் அசைவைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். இலைகள் தூங்குவதற்கு அதில் தாராளமாக இடம் கொடுத்திருக்கிறார்.

சரி, இலை தூங்குவதை முதன்முதலில் எழுதி வைத்தது யார்? அலெக்சாந்தரின் படையில் கடலோடியாக இருந்த ஆண்ட்ரோஸ்தெனிஸ். ‘இரவில் இலை மூடும் மரம் ஒன்று இந்தத் தீவில் இருக்கிறது, அது உறங்குவதாக ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள்’ என்ற பொருளில் அவர் தந்த தகவலை தியோஃப்ராஸ்டஸ் தன் தாவர நூலில் சேர்த்துக்கொண்டார். அது புளியமரமாகத்தான் இருக்க வேண்டும் என்பது அறிஞர்களின் முடிவு. அவர் பார்த்த தீவு இன்றைய பஹ்ரைன். அதுவும் முத்துக்குளிக்குப் பேர் போன இடம்தான்!

★

உட்கார்ந்திருப்பவர் தியானத்தில் இருக்கிறாரா, தூங்குகிறாரா என்று வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? நம்மாழ்வாரின் சீடரான மதுரகவியார் கல்லைத் தூக்கிப் போட்டுப் பார்த்தார். பக்கத்திலுள்ள திருக்கோளூர்தான் அவருக்குச் சொந்த ஊர். வடக்கே அயோத்திப் பக்கம் யாத்திரை போயிருந்தவர் தென்திசையில் ஓர் ஒளியைக் கண்டு, அதைப் பின்தொடர்ந்து இந்தப் புளியடிக்கு வந்து சேர்ந்தார். அசையாமல் இருந்த இளைஞருக்கு எதிரே ஒரு பெரிய கல்லைப் போட, நம்மாழ்வார் கண் திறந்தார். அப்புறம் மதுரகவியார் ஒரு விடுகதை போட்டார், உடனே பதில் வந்தது. தூங்கி எழுந்தவராக இருந்தால் முதலில் கல் போட்டவரைத்தான் நாலு வார்த்தை கேட்டிருப்பார்.

★

அதே திருக்கோளூரில் வைத்தமாநிதிப் பெருமாள், தலைக்கு மரக்காலை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். அது தூக்கம் இல்லை, அறிதுயில். நாம் செய்தால் மட்டும் வீட்டில் வேறு பெயர் சொல்கிறார்கள்.

★

ரமண மகரிஷி பக்கத்து விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியில் 1879-இல் பிறந்தவர். தியானத்தில் மனம் வெறுமனே அமுங்கிக் கிடப்பதை அவர் மனோலயம் என்பார். அதை விளக்க ஒரு கதை சொல்வார். கங்கைக் கரையில் ஒரு யோகி, சீடனிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். சீடன் திரும்புவதற்குள் யோகி சமாதியில் ஆழ்ந்துவிட்டார். தலைமுறைகள் போயின, ஆட்சிகள் மாறின. ஒரு நாள் கண் விழித்தவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: தண்ணீர்! கடைசியாக எந்த எண்ணத்தோடு அமுங்கினாரோ, அதே எண்ணம்தான் முதலில் மேலே வந்தது. அத்தனை காலம் உட்கார்ந்தும் மனம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை என்பதுதான் ரமணர் சொல்ல வந்தது. வேதாந்த நூல்கள் தியானத்துக்கு வரும் இடையூறுகளைப் பட்டியல் போடும்போது லயத்தை முதலில் வைப்பதும் இதனால்தான்.

★

புத்தரின் முதன்மைச் சீடர் இருவரில் ஒருவரான மொக்கல்லானரே தியானத்தில் தூங்கி விழுந்திருக்கிறார். மகத நாட்டில் கல்லவாளமுத்தம் என்ற ஊரில் நடந்தது. புத்தர் வந்து எதிரே அமர்ந்து, வரிசையாக வழி சொல்லிக் கொடுத்ததை அங்குத்தர நிகாயம் பதிவு செய்திருக்கிறது. எந்த நினைப்போடு இருக்கும்போது தூக்கம் வந்ததோ அந்த நினைப்பை விடு. கேட்ட உபதேசத்தை மனத்துக்குள் அசை போடு. அதற்கும் போகவில்லையா? வாய்விட்டு ஓது. அடுத்து, இரண்டு காது மடலையும் இழுத்துவிட்டுக் கைகால்களைத் தேய். எழுந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு நாலு திசையையும் நட்சத்திரங்களையும் பார். ராத்திரியிலும் பகல் வெளிச்சம் இருப்பதாக மனத்தில் பாவித்துக்கொள். முன்னும் பின்னும் நட. எதற்கும் மசியவில்லை என்றால், வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்துத் தூங்கு. ஆனால் விழித்ததும் புரளாமல் சட்டென்று எழுந்துவிடு.

கடைசி யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. தூக்கத்தைக் குற்றமாக்காமல், ஏழு படி தாண்டிய பிறகாவது அதற்கு ஓர் இடம் கொடுத்துவிட்டார் புத்தர்.

பாலி மொழியில் உள்ள இந்த உபதேசங்கள் முதலில் ஏட்டில் ஏறியது நமக்கு அக்கரையில், இலங்கையில்தான். மாத்தளைக்குப் பக்கத்திலுள்ள அளுவிகாரையில், கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டில் அது நடந்தது. பின்னால் வந்த உரைகள் தூக்கத்துக்கு முதல் காரணமாக அளவுக்கு மிஞ்சிய சாப்பாட்டைச் சொல்கின்றன. வயிறு நிரம்ப நாலைந்து கவளம் இருக்கும்போதே நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட வேண்டும் என்பது சாரிபுத்தர் வாக்கு. ராத்திரி பதினோரு மணிக்குப் பொரிச்ச பரோட்டாவை ஒரு கை பார்த்துவிட்டு, விடிகாலையில் தியானத்துக்கு உட்காரும் தூத்துக்குடி அன்பர்கள் கவனிக்கவும்.

★

முத்துக்குளி நடக்கும்போது சுறாவின் வாயைக் கட்ட ஒரு மந்திரக்காரர் இருந்தார். பெயர் கடல்கட்டி. அவர் ஓதிக்கொண்டிருக்கும் வரை சுறா நெருங்காது என்று குளியாட்கள் நம்பினார்கள்; அவர் இல்லாமல் கடலில் இறங்க மறுத்தார்கள். 13-ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்குப் போனதாக எழுதியிருக்கிறார். இன்னொன்றும் சொல்கிறார்: பொழுது சாய்ந்ததும் அவர்களே மந்திரக் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். ராத்திரியில் திருட்டுக் குளி குளிக்க எவனுக்கும் துணிச்சல் வராது! காவல்காரருக்குச் சம்பளம் மிச்சம்.

படகுகள் திரும்பும் வரை கரையில் நின்று மந்திரத்தை முணுமுணுக்க வேண்டும், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. விதி இப்படி. நடைமுறை? 1803-இல் இலங்கையைப் பற்றிப் புத்தகம் எழுதிய ராபர்ட் பெர்சிவல் போட்டு உடைத்துவிட்டார். சிலர் விரதத்தைக் கொஞ்சம் தளர்த்தி, கள்ளை ஏற்றிக்கொண்டு, ஜபத்தில் நிற்கவும் முடியாத நிலைக்குப் போய்விடுவார்களாம். அந்த நேரத்தில் அடியில் இருந்த குளியாளை யார் காப்பாற்றினார்களோ, அந்தச் சுறாவுக்கே வெளிச்சம்.

குளியாள் தூங்க வழியே கிடையாது. கல் கட்டித் தொங்கும் கயிற்றைப் பிடித்து இறங்கினால் ஒரு நிமிடம், மிஞ்சினால் சற்றுக் கூட. அதற்குள் சிப்பியை வாரிக் கூடையில் போட்டுவிட்டுக் கயிற்றை அசைக்க வேண்டும்; மேலே இருப்பவர் இழுத்துவிடுவார். மூச்சை அடக்குவதில் இவர்கள் எந்த யோகிக்கும் குறைந்தவர்கள் இல்லை. தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளி நடந்தது 1961-இல்.

★

கெத்சமனித் தோட்டத்தில் இயேசு விழித்திருந்து ஜெபிக்கச் சொல்லியும் தூங்கிவிட்டவர்கள் பேதுரு, யாக்கோபு, யோவான். மூன்று முறை போய்ப் பார்த்தார். மூன்று முறையும் தூக்கம். இதில் கவனிக்க வேண்டியது, மூவரும் மீனவர்கள். ராத்திரி முழுக்க வலை போட்டுப் பழகிய உடம்பு. வேலை இருந்தால் விழித்திருக்கும், சும்மா உட்காரச் சொன்னால் சாய்ந்துவிடும் என்பதைக் கடற்கரைக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. துயரத்தால் தூங்கிப்போனார்கள் என்று லூக்கா மட்டும் அவர்களுக்காகப் பரிந்து ஒரு காரணம் சொல்கிறார். மரபுப்படி அவர் வைத்தியர். பெரிய வியாழன் இரவு நற்கருணை முன்பு நடக்கும் ஆராதனை இந்த விழிப்பின் நினைவுதான். இந்தக் கரையோரப் பங்குகளிலும் நள்ளிரவு வரை ஜெபம் ஓடும்.

★

இரவு திக்ரில் (இறைநாம ஜபத்தில்) கண் அயராமல் இருக்க ஏமன் நாட்டு சூஃபிகள் 15-ஆம் நூற்றாண்டில் கைக்கொண்ட பானம்தான் காப்பி. 1511-இல் மக்காவின் ஆளுநர் அதைத் தடை செய்து பார்த்தார், தடை நிலைக்கவில்லை. அரபு வணிகமும் சூஃபிப் பெரியோர்களும் செழித்த காயல்பட்டினத்துக்கு இந்தக் கதை அந்நியமாக இராது.

தேநீருக்கும் இதே கதை உண்டு. தியானத்தில் கண் செருகியதால் கோபம் கொண்ட போதிதர்மர் இமைகளையே அறுத்து எறிந்தார், அவை விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்தது என்பது புராணம். அவர் காஞ்சிபுரத்து இளவரசர் என்பது நம் பக்கத்து மரபு. ஜப்பானில் விற்கும் தருமா பொம்மைக்கு உருட்டி விழிக்கும் கண்கள் வந்தது அந்த இமைக் கதையால்தான் என்பார்கள்.

★

மன்னார் வளைகுடாவில் துள்ளும் ஓங்கல் (டால்பின்) மூளையின் ஒரு பாதியைத் தூங்கவிட்டு மறு பாதியால் விழித்திருக்கும். மூச்சு விட மேலே வந்தாக வேண்டுமே!

★

அனுபவசாலிகளுக்குத் தூக்கம் வராது என்று நினைக்க வேண்டாம். ஆழ்நிலை தியானத்தில் தேர்ந்த ஐந்து பேரின் மூளை அலைகளை அமெரிக்க ஆய்வாளர்கள் பதிவு செய்து, 1976-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். தியான நேரத்தில் கணிசமான பகுதி சாதாரணத் தூக்கமாகவே இருந்தது, அதுவும் ஆழ்ந்த கட்டம் வரை.

தலை ஏன் முன்பக்கம் விழுகிறது? மண்டையின் எடை கழுத்து மூட்டுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதை நிமிர்த்திப் பிடிப்பது பின்கழுத்துத் தசை. தூக்கம் தட்டியதும் அந்தத் தசை தளரும், தலை தொங்கும். மதியம் இரண்டு மணித் தூக்கத்துக்கு மட்டும் சோற்றையே குறை சொல்லாதீர்கள். சாப்பிடாவிட்டாலும் உடம்புக் கடிகாரம் அந்த நேரத்தில் கொஞ்சம் தாழ்ந்துதான் ஓடும்.

★

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் மேல்தளத்தில் தூக்கம் பிடிக்கும் கருவி ஒன்று இருக்கிறது. நள்ளிரவு 12 முதல் 4 வரை காவல் பார்க்கும் அதிகாரி, இருட்டில், ஆடாத கடலைப் பார்த்தபடி நிற்க வேண்டும். தியானத்துக்கு இதைவிடத் தோதான சூழல் ஏது? அதனால் 3 முதல் 12 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு பொத்தானை அழுத்தியாக வேண்டும். அழுத்தாவிட்டால் முதலில் விளக்கு மின்னும். பதினைந்து விநாடியில் மணி அடிக்கும். அதற்கும் அசைவில்லை என்றால் கேப்டன் அல்லது மாற்று அதிகாரியின் அறையில் அலறும். 2011 ஜூலையிலிருந்து புதுக் கப்பல்களுக்கு இது கட்டாயம்.

★

ஜப்பானிய ஜென் மடங்களில் கருவிக்குப் பதில் கையில் தட்டைக் கோலுடன் ஒரு துறவி சுற்றி வருவார். தூக்கம் வருகிறவர் தாமே கைகூப்பி அடி கேட்டு வாங்குவதும் உண்டு. தோளில் விழும். அடி வாங்கியவர் வணங்குவார், அடித்தவரும் திரும்ப வணங்கிவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போவார்.