கோபுரம் காட்டும் வழி

காளஹஸ்தி: சுவர்ணமுகி ஆற்றங்கரையில் கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய காளஹஸ்தி ராஜகோபுரம், 2010 மே 26-ஆம் தேதி இரவு இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு அப்பகுதியிலிருந்து மக்கள் முன்னரே அகற்றப்பட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. புதிய கோபுரத்துக்கு 2017-இல் குடமுழுக்கு நடைபெற்றது.

மரபைக் காக்க மட்டுமல்ல, வழி காட்டவும் கோபுரம் வேண்டும். வாயுத்தலமான இங்கு ராகு-கேது பரிகாரத்துக்கு வரும் தமிழர் பலருக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது. அவர்களுக்குக் கோபுரமே பெயர்ப்பலகை. சோழர் காலத்திலும் விஜயநகர ஆட்சியிலும் கோயில் விரிவடைந்தது. எனினும், எழுப்பப்பட்ட மண்டபங்கள் நிலையானவை. ஒருமுறை வந்தவர் மறுமுறை தடுமாறுவதில்லை.

இன்றைய தடுப்புவேலிகள் அப்படியல்ல. கூட்டத்துக்கேற்ப இடம் மாறும் அவையும் கட்டடக்கலையே. ஆனால், அவற்றை யாரும் அப்படிக் கருதுவதில்லை. அண்டை நகரான திருப்பதியில் 2025 ஜனவரி 8-ஆம் தேதி, வைகுண்ட வாயில் தரிசன டோக்கனுக்காகக் காத்திருந்தவர்கள், வாயில் திறக்கப்பட்டதும் முண்டியடித்ததில் 6 பேர் உயிரிழந்தனர். டோக்கன் வழங்கத் தொடங்கிவிட்டனர் என எண்ணியே பலர் ஓடினர். கதவு எதற்காகத் திறக்கிறது என்பதை வரிசையில் நிற்பவருக்குத் தெரிவிக்க வழியில்லை.

கூட்ட மேலாண்மை குறித்துத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014-லேயே வழிகாட்டி நூல் வெளியிட்டது. தில்லியில் அச்சிட்டால் போதுமா? வேலியை இடம் மாற்றும் முன்பே, வரிசை எங்கே தொடங்குகிறது, அவசரத்தில் எப்படி வெளியேறுவது என்பதைத் தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி வைக்க ஆந்திர அறநிலையத்துறை உத்தரவிடலாம்.